சுருட்டாலையில் ஒலித்த குரல்

நம்முடைய 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'செரூட்' பிறந்தது என்பதை நண்பர்கள் அறிந்திருக்கக்கூடும். நான் புகைப்பவனல்லன், புகையிலையின் கேடு குறித்து எனக்கு ஐயமும் இல்லை. ஆயினும் ஹவானாவின் பர்தகாஸ் சுருட்டு நிறுவனத்தின் கதை சில காலமாக என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. இலக்கிய வாசகனுக்கு அந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. நிறுவனத்தின் புகழ் பாடுபவர்கள் அதைச் சுவையான துணுக்காக ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். எனக்கோ அந்தத் துணுக்கே மையமாகத் தோன்றுகிறது.

ஸ்பெயினின் கத்தலோனியாவிலிருந்து இளமையிலேயே கியூபாவுக்கு வந்தவர் ஹைமே பர்தகாஸ். 1845இல் ஹவானாவில் தன் பெயரிலேயே ஆலை தொடங்கினார். தீவின் மேற்கிலுள்ள வுவெல்தா அபாஹோ பகுதிதான் உயர்ந்த புகையிலை விளையும் மண். அங்கே தோட்டங்களைக் கைக்கொண்டு, இலையின் தரத்தை விளைச்சலிலிருந்தே கவனித்தார் என்பதே அவருடைய வெற்றிக்குச் சொல்லப்படும் காரணம். 1868இல் அதே பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். தொழில் பகை என்றும் காதல் விவகாரம் என்றும் பேசிக்கொண்டார்கள். மகன் ஹோசே சில காலம் நடத்தினார். பிறகு ஆலை ஒரு வங்கியாளரிடம் போய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிஃபுவெந்தெஸ் குடும்பத்திடம் வந்து சேர்ந்தது. உரிமையாளர் குடும்பம் மாறியபோதும் பெட்டியின் மேலிருந்த பெயர் மாறவில்லை.

இனி அந்தத் துணுக்குக்கு வருகிறேன். 1865இன் இறுதியில் ஹவானாவின் எல் ஃபிகாரோ ஆலையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. சுருட்டு உருட்டும் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரை வாசிக்க அமர்த்தி, அவர் இழக்கும் கூலியைத் தாங்களே ஈடு செய்தார்கள். இதற்குத் துணைநின்ற தொழிலாளர் இதழ் 'லா அவுரோரா'. அதை நடத்திய சாத்துர்னினோ மார்த்தினெஸ் பர்தகாஸ் ஆலையில் சுருட்டு உருட்டியவர். சில நாட்களிலேயே, 1866 ஜனவரியில், பர்தகாஸ் ஆலையிலும் வாசிப்பு தொடங்கியது. ஹைமே பர்தகாஸ் அதற்கு இடம் கொடுத்ததோடு, வாசிப்பவருக்கு மேடையும் அமைத்துத் தந்தார். முதலாளிகளில் இது அரிது. அந்தப் பெருமையை அவருக்கு மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் குரலுக்குக் கூலி கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். கைகள் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, செதுக்குக் கத்தியின் ஓசைக்கு நடுவே செவிகள் மட்டும் ஓய்வாக இருந்தன. அந்த ஓய்வை அவர்கள் வீணாக்க விரும்பவில்லை. காலையில் செய்தித்தாள், பிறகு நாவல் என்று அது ஒரு முறையாக வளர்ந்தது. ஹ்யூகோவும் ஸோலாவும் டூமாவும் செர்வாந்தெஸும் இப்படித்தான் அந்த மேசைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அதிகாரம் இதன் பொருளை உடனே புரிந்துகொண்டது. 1866 மே மாதமே ஆலைகளில் வாசிப்பைத் தடைசெய்து ஸ்பானிய ஆளுநர் ஆணையிட்டார். புத்தகத்துக்கு அஞ்சும் அரசுகள் புதியவை அல்லவே.

தடையும் போரும் கடந்து வாசிப்பு மீண்டது. புலம்பெயர்ந்த தொழிலாளர்களோடு கடல் கடந்து ஃபுளோரிடாவின் டாம்பாவுக்கும் போனது. அங்கே 1931இல் ஆலை முதலாளிகள், வாசிப்பவர்கள் தீவிரக் கருத்துகளைப் பரப்புகிறார்கள் என்று மேடைகளை அகற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. வாசிப்பவரின் இடத்துக்கு வானொலிப் பெட்டி வந்தது. கியூபாவில் பிறந்த நாடகாசிரியர் நிலோ க்ரூஸ், 2003இல் புலிட்சர் பரிசு பெற்ற தம் நாடகத்தை இதற்குச் சற்று முந்தைய டாம்பாவில்தான் அமைத்தார். ஒரு குடும்பத்தின் சுருட்டாலை, அங்கே 'அன்னா கரேனினா'வை வாசிக்க வரும் ஒருவர், வாசலில் காத்திருக்கும் இயந்திரம். சுருட்டாலையின் கதையை வாசிப்பவரை நடுவில் வைத்துச் சொல்லலாம் என்பதை அந்த நாடகம் காட்டுகிறது.

பர்தகாஸுக்குத் திரும்புவோம். 1960 செப்டம்பரில் புரட்சி அரசு சுருட்டாலைகளை நாட்டுடைமையாக்கியது. சிஃபுவெந்தெஸ் குடும்பத்தின் ரமோன் நாட்டைவிட்டு வெளியேறினார். அமெரிக்க மண்ணில் பெயர் பழைய உரிமையாளர்களுக்கே என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் கொண்டன. 1970களில் அந்த உரிமை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குக் கைமாறியது. ஆக இன்று பர்தகாஸ் இரண்டு: கியூபாவில் ஒன்று, டொமினிக்கன் குடியரசில் ஒன்று. பறிகொடுத்த குடும்பத்தின் துயரை நான் சிறிதாக எண்ணவில்லை; தலைமுறைகளின் உழைப்பு ஒரு நாளில் கைநழுவுவது எளிய செய்தியன்று. ஆனால் வழக்கும் வாதமும் பெட்டியின் மேலிருந்த பெயருக்காகவே நடந்தன. வாசிப்புக்கு உரிமை கோரி எவரும் நீதிமன்றம் போகவில்லை. 2012இல் கியூபா அதைத் தன் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. ஆலைகளில் இன்றும் வாசிக்கிறார்கள்.

இது கியூபாவின் விந்தை மட்டுமன்று. நம் பக்கத்திலேயே, கண்ணூரின் பீடித் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரை நாளிதழும் நாவலும் வாசிக்கவைத்து, அவருக்கான பீடிகளை மற்றவர்கள் சுற்றிக்கொடுத்த வழக்கம் இருந்தது. ஹவானாவைப் பார்த்து அவர்கள் செய்ததாக நான் நினைக்கவில்லை. கை கட்டுண்டு செவி திறந்திருக்கும் தொழிலில், கதை கேட்கும் பசி தானாகவே வழி கண்டுபிடிக்கிறது.

வாசிப்பு என்பது ஓய்வுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. சிற்றிதழ் நடத்தி நட்டப்பட்ட நண்பர்கள்கூட, உழைக்கும் மக்களுக்கு இலக்கியம் எட்டாது என்று சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்திலெல்லாம் தன் கூலியில் ஒரு பகுதியை ஒரு நாவலுக்காக எடுத்துவைத்த, எழுதப் படிக்கத் தெரியாத அந்தச் சுருட்டுத் தொழிலாளியை நினைத்துக்கொள்கிறேன். பர்தகாஸின் வரலாற்றை எழுதுபவர்கள் அவரிடமிருந்து தொடங்கினால் நன்றாயிருக்கும்.