முதியோர் கொடுப்பனவும் வீணாகும் மரக்கறியும்

குறைந்த வருமானம் பெறும் குடும்பங்களைச் சேர்ந்த 70 வயதுக்கு மேற்பட்ட முதியவர்களுக்கு வழங்கப்பட்டு வந்த 3,000 ரூபாய் மாதாந்தக் கொடுப்பனவு, 2025 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தின் மூலம் 5,000 ரூபாயாக அதிகரிக்கப்பட்டது. வரவேற்கப்பட வேண்டிய நடவடிக்கை இது என்பதில் இரு கருத்துகளுக்கு இடமில்லை. ஆயினும், அந்தப் பணம் முதியவரின் உணவுத் தட்டில் என்னவாக வந்து சேருகின்றது என்ற கேள்வியை எவரும் எழுப்புவதாகத் தெரியவில்லை.

ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழங்களும் உட்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. மாதமொன்றுக்கு இது 12 கிலோ ஆகும். கிலோ ஒன்றின் விலை 300 ரூபாய் என்று குறைத்து மதிப்பிட்டாலும், அதற்கு மட்டும் 3,600 ரூபாய் தேவை. எஞ்சும் 1,400 ரூபாயில் அரிசி, மண்ணெண்ணெய், மருந்து, வைத்தியசாலைக்கான பஸ் கட்டணம் அனைத்தையும் சமாளிக்க வேண்டும். இந்நிலையில் முதலில் வெட்டப்படுவது மரக்கறியே. நீரிழிவினாலும் உயர் குருதி அமுக்கத்தினாலும் பீடிக்கப்பட்ட முதியவர், வெறும் சோற்றையும் சம்பலையும் உண்டுவிட்டு கிளினிக் மாத்திரைகளை விழுங்குகின்றார். ஒரு கையால் இலவசமாக மருந்து வழங்கும் அரசு, அந்த மருந்தின் தேவையைக் குறைக்கக்கூடிய உணவைப் பற்றிச் சிந்திக்காமலிருப்பது விந்தையே.

மறுபுறத்தில் நடப்பது என்ன? அறுவடையின் பின்னர் நாட்டில் வீணாகும் மரக்கறி மற்றும் பழங்களின் அளவு 30 முதல் 40 வீதம் வரை என நீண்டகாலமாகவே மதிப்பிடப்பட்டு வருகின்றது. விளைச்சல் பெருகும் காலங்களில் விலை வீழ்ந்து, விவசாயிகள் தமது உற்பத்திகளை வீதியோரங்களில் கொட்டிச் செல்லும் காட்சி நமக்குப் புதியதல்ல. நுவரெலியாவில் விளையும் கரட்டும் லீக்ஸும் தோட்டத்து லயன்களைக் கடந்து லொறிகளில் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் செல்கின்றன. அந்த லயன்களில் வாழும் ஓய்வுபெற்ற தொழிலாளிக்கோ அவை எட்டாப் பொருள்களாகி விடுகின்றன. யாழ்ப்பாணச் சந்தைகளில் 10 வீதக் கழிவு அறவிடப்படுவது பற்றி விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குரல் எழுப்பி வருகின்றனர். விற்பவனுக்கும் இலாபமில்லை, வாங்க வேண்டியவனுக்கும் வழியில்லை என்பதே நிலைமை.

இவ்விரு பிரச்சினைகளையும் ஒன்றாக அணுகிய நாடொன்றின் அனுபவத்தை இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். அமெரிக்காவில் 2001 ஆம் ஆண்டு முன்னோடித் திட்டமாக ஆரம்பிக்கப்பட்ட ‘முதியோருக்கான விவசாயிகள் சந்தைப் போஷாக்குத் திட்டம்’, 2002 ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தினால் நிரந்தரமாக்கப்பட்டது. மத்திய விவசாயத் திணைக்களம் மாநிலங்களுக்கும் பூர்வீகக் குடிகளின் நிருவாக அமைப்புகளுக்கும் மானியம் வழங்க, அவை 60 வயதைக் கடந்த வறிய முதியவர்களுக்குக் கூப்பன்களை விநியோகிக்கின்றன. அந்தக் கூப்பனைக் கொண்டு உள்ளூரில் விளைந்த புதிய மரக்கறி, பழங்கள், மூலிகை இலைவகைகள், தேன் ஆகியவற்றை மட்டுமே வாங்க முடியும். நடமாட இயலாதவர்களுக்காக வேறொருவர் சென்று பெற்றுவரவும் அனுமதியுண்டு. இந்த உதவி முதியவரின் வருமானமாகக் கணக்கிடப்படுவதில்லை என்பதால், இதனைப் பெறுவதனால் வேறு நிவாரணங்களை இழக்க நேரிடும் என்ற அச்சமும் இல்லை.

ஆயினும் அத்திட்டத்தைக் குறைகளற்றதெனக் கொள்ளலாகாது. 2008 ஆம் ஆண்டின் சட்டம் அதற்கென ஒதுக்கிய தொகை ஆண்டொன்றுக்கு 2 கோடியே 6 இலட்சம் டொலர் மாத்திரமே. அத்தனை பெரிய நாட்டுக்கு இது மிகச் சொற்பமாகும். முதியவர் ஒருவருக்குக் கிடைக்கும் தொகை நீண்டகாலமாக ஆண்டுக்கு 20 முதல் 50 டொலர் என்ற எல்லைக்குள்ளேயே இருந்து வந்தது. மேலும், உணவு வங்கிகளும் பாடசாலைகளும் உள்ளூர் விவசாயிகளிடம் கொள்வனவு செய்வதற்கென வேறு திட்டங்களின் கீழ் வழங்கப்படவிருந்த சுமார் 100 கோடி டொலரை 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு இரத்துச் செய்தது. மானியத்தை மட்டும் நம்பிய திட்டங்கள் ஆட்சியாளரின் மனமாற்றத்துக்கு எவ்வளவு இலகுவில் பலியாகும் என்பதற்கு இது சான்றாகும்.

நமது நாட்டுக்கும் இத்தகைய உதவி புதியதல்ல. கூப்பன் கடையில் வரிசையில் நின்றதை இன்றைய முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1979 இல் அதன் இடத்தைப் பிடித்த உணவு முத்திரைத் திட்டம், விலைவாசிக்கேற்ப முத்திரையின் பெறுமதி உயர்த்தப்படாமையினால் சில ஆண்டுகளிலேயே பயனிழந்தது. 2015 இல் கர்ப்பிணித் தாய்மாருக்கு மாதம் 2,000 ரூபாய் பெறுமதியான போஷாக்கு உணவுகளை 10 மாதங்களுக்கு வழங்கும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. தாய்க்கும் சிசுவுக்கும் செய்ய முடிந்ததை முதியவருக்கு ஏன் செய்ய முடியாது என்பதே எமது கேள்வி.

மாதாந்தக் கொடுப்பனவைக் குறைத்து அதன் ஒரு பகுதியைக் கூப்பனாக மாற்ற வேண்டும் என நாம் கூறவில்லை. கையில் கிடைக்கும் பணத்தைத் தமது விருப்பப்படி செலவிடும் உரிமை முதியவர்களுக்கு உண்டு. அந்தக் கண்ணியம் பறிக்கப்படலாகாது. கொடுப்பனவுக்கு மேலதிகமாக, அயலிலுள்ள விவசாயியிடம் மட்டும் மாற்றக்கூடிய ஒரு சிறு மரக்கறிக் கூப்பனையே நாம் கோருகின்றோம். விளைச்சல் மிகுந்து விலை வீழும் மாதங்களில் மட்டுமேனும் இதனைப் பரீட்சித்துப் பார்க்கலாம். கமநல சேவை நிலையங்களும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் ஏற்கெனவே நாடெங்கும் உள்ளன. இதற்கெனப் புதிய கட்டடங்களோ அதிகார சபைகளோ தேவையில்லை. பெறுமதியை விலைச் சுட்டெண்ணுடன் இணைத்துவிட்டால், உணவு முத்திரைக்கு நேர்ந்த கதி இதற்கும் நேராது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டதைக் கண்ட பின்னரும் நிலையான தொகையொன்றை நிர்ணயிப்பது அறியாமையாகும்.

தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரை இவ்விடயம் கூடுதல் அவசரம் கொண்டது. யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தும், எஞ்சியோரைப் புலம்பெயர் நாடுகளுக்கு அனுப்பிவிட்டும் தனித்து வாழும் முதியவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளம். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் முதுமையை எதிர்கொண்ட முஸ்லிம் பெரியவர்களுக்கு, தாம் கைவிட்டு வந்த தோட்டமும் துரவும் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. மலையகத்தின் முதியவருக்கோ, ஊழியர் சேமலாப நிதி கரைந்த பின்னர், ஒரு முருங்கை நடுவதற்கேனும் சொந்த நிலமில்லை. கல்பிட்டியிலும் சுன்னாகத்திலும் விளைவது இவர்களை வந்தடைய வழிசெய்வது பெரிய காரியமல்ல.

இதில் முறைகேடுகள் இடம்பெறலாம் என்றும், அரசியல் ஆதரவாளர்களின் பெயர்களே பட்டியலில் முதலிடம் பெறும் என்றும் கூறப்படலாம். அஸ்வெசும பயனாளிகள் தெரிவின்போது எழுந்த ஆட்சேபனைகள் அதற்கு முன்னெச்சரிக்கையே. கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் பட்டியலைப் பகிரங்கமாகக் காட்சிப்படுத்துவதும், மேன்முறையீட்டுக்கு உரிய அவகாசம் வழங்குவதும் அதற்கான பரிகாரங்களாகும். முறைகேட்டைக் காரணங்காட்டித் திட்டத்தையே கைவிடுவது பொருத்தமானதல்ல.

முதியோர் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான சட்டம் 2000 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. உரிமை என்பது சட்டப் புத்தகத்தில் மாத்திரமன்றி அடுப்படியிலும் தென்பட வேண்டும். மாகாண சபைகள் மக்கள் பிரதிநிதிகளின்றி இருக்கும் இக்காலத்தில், குறைந்தபட்சம் ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு பிரதேச செயலகப் பிரிவிலாவது இத்தகைய முயற்சியொன்றைத் தொடக்கி வைக்கும் பொறுப்பு அரசையே சாரும். வீதியில் கொட்டப்படும் மரக்கறி, பசித்திருக்கும் ஒரு முதியவரின் வீட்டுப் பானையைச் சென்றடையுமானால், அதற்காகச் செலவாகும் பணம் வீண்செலவாகாது. உரியவர்கள் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.