ஒளவையும் ஔவையும்: தேடுகருவிகள் பற்றிச் சில எண்ணங்கள்

தலைப்பில் அச்சுப்பிழை எதுவும் இல்லை. முதற்சொல்லில் இருப்பது ஒகரமும் அதனை அடுத்த ளகரமும். பின்னதில் இருப்பது ஔகாரம் என்னும் ஒற்றை உயிரெழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணிப்பொறிக்கோ இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு சொற்கள். ளகரம் இட்டுத் தட்டெழுதப்பட்ட கோப்பில் ஔகாரம் இட்டுத் தேடுபவருக்கு ஔவையார் என்றொரு புலவரே இல்லை. அகநானூற்றில் 4, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, புறநானூற்றில் 33 என 59 பாடல்களைப் பாடியவர், ஓர் எழுத்தின் குறியீட்டு வேறுபாட்டால் காணாமற் போய்விடுகிறார். பாலைக் கௌதமனாருக்கும் இதே கதிதான்.

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. பல்லடம் வட்டாரத்தில் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில், அண்மைக் கால ஆய்வேடுகளில் ஒரு வாக்கியம் பெருகி வருவதைக் காண்கிறேன்: “இச்சொல் சங்க இலக்கியத்தில் எங்கும் பயின்று வரவில்லை.” எந்தப் பதிப்பில் தேடினார், எப்படித் தேடினார் என்ற குறிப்பு இராது. வாய்மொழித் தேர்வில் கேட்டால், “தேடிப் பார்த்தேன் ஐயா, வரவில்லை” என்பதே விடை. தேடுபெட்டியில் வராதது இலக்கியத்திலும் வராதது என்று கொள்ளும் இந்தத் துணிவு எனக்குக் கவலை தருகிறது. ஒரு சொல் இருக்கிறது என்பதற்கு ஓரிடம் காட்டினால் போதும். இல்லை என்று சொல்ல, தேடிய முறைமீது முழு நம்பிக்கை வேண்டும்.

எங்கள் பகுதி மாணவர்கள் இயல்பாகவே தேடும் சொல் ‘கொங்கு’. தேடினால் என்ன கிடைக்கும்? குறுந்தொகையின் 2ஆம் பாடல் வந்து நிற்கும். இறையனார் பாடிய அப்பாட்டில் கொங்கு என்பது பூந்தாது, நாடன்று. புறநானூற்றின் 130ஆம் பாடலிலும் பதிற்றுப்பத்தின் 22ஆம் பாடலிலும் நம் முன்னோர் வருகிறார்கள். ஆனால் அங்கே அவர்கள் கொங்கர். உகரம் இல்லாததால் ‘கொங்கு’ என்ற தேடல் அவர்களைத் தாண்டிச் சென்றுவிடும். சரி, இறுதியை வெட்டி ‘கொங்க’ என்று தேடுவோம் என்றால், ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகள் தனித்தனி எண் பெற்றவையாதலால், கருவி கொங்கையையும் சேர்த்து அள்ளி வரும். கம்பராமாயணத்தில் இத்தேடலைச் செய்து பார்த்தால் கொங்கு நாட்டைப் பற்றிய ஆய்வு எங்கோ திசைமாறிப் போகும்! போதாக்குறைக்கு, பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகள் பலவற்றில் ரகர மெய்க்குப் பதில் துணைக்காலின் தலையில் புள்ளி உட்கார்ந்திருக்கும். அந்தக் கோப்பில் கொங்கரைச் சரியாகவே தட்டெழுதித் தேடினாலும் கிடைக்கமாட்டார். ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியையே ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் எழுதலாம் என்பது இன்னொரு தொல்லை. நல்ல கருவி இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும். எளிய கருவி கொள்ளாது.

இவையாவது தட்டெழுத்தின் குறைகள். புணர்ச்சி தமிழின் இயல்பு. ‘ஊர்’ என்று தேடுகிறவருக்கு ‘அவனூர்’ அகப்படாது. ‘பொன்’ என்று தேடுகிறவருக்குப் ‘பொற்குடம்’ அகப்படாது. சீர் பிரித்த பாடத்தில் தேடுவதும் சொல் பிரித்த பாடத்தில் தேடுவதும் ஒன்றல்ல. 1957 முதல் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகள் சந்தி பிரித்து அச்சிட்டதை அன்று சிலர் செய்யுளோசை கெடுகிறது என்று குறை கூறினர். ஓசைக்கு அது கேடாகவே இருக்கட்டும்; தேடுவோருக்கு அது பெரும் வரம்.

என்னிடம் பகுதி–1 தமிழ் படித்த பழைய மாணவர் ஒருவர் கோவையில் மென்பொருள் எழுதுகிறார். அவர்களுடைய நிரல்தொகைகளும் இலட்சக்கணக்கான வரிகள் கொண்டவை. லினக்ஸ் கெர்னல் மட்டுமே மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதற்குள் எப்படி வழி கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். 1973இல் கென் தாம்சன் எழுதிய ‘கிரெப்’ முதலாக எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டுத் தேடும் கருவிகள் ஒரு வகை. ‘சிடேக்ஸ்’ போலப் பெயர்களுக்கு அடைவு கட்டித் தரும் கருவிகள் இன்னொரு வகை என்றார். “பேரத் தேடுனா ஆயிரம் எடத்துல வருமுங்க ஐயா. அது எங்க பொறந்துது, யாரு அதக் கூப்புடறாங்கங்கறதுதான் எங்களுக்கு வேணும்.” புதிய தொகை கைக்கு வந்தால் முதலில் கோப்புகளின் அடுக்குமுறையைப் பார்ப்பாராம், அடுத்தது அடைவு, எழுத்துத் தேடல் அதற்கும் பிறகுதான்.

கேட்டபோது எனக்கு வியப்பு வந்தது, புதுமையால் அன்று. அடுக்குமுறையே கருவியாகும் கலையை அகநானூற்றைத் தொகுத்தவர் அறிந்திருந்தார். ஒற்றைப்படை எண்கள் பாலை, 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 என வருபவை நெய்தல். கொங்கரின் உள்ளி விழாவைச் சொல்லும் பாடல் 368 என்றால், ஏட்டைத் திறக்கும் முன்பே அது குறிஞ்சி என்று தெரிந்துவிடுகிறது. வையாபுரிப்பிள்ளையின் 1940ஆம் ஆண்டுச் சமாஜப் பதிப்பு பாடல்களைப் புலவர் வாரியாக அடுக்கியதும் இத்தகைய வேலையே. அங்கே ஔவையார் ஓரிடத்தில் முழுமையாக இருக்கிறார்; எந்த எழுத்துக் குழப்பமும் அவரை அசைக்க முடியாது.

அடைவுகளுக்கும் நம்மிடம் குறைவில்லை. வ.அய். சுப்பிரமணியம் 1962இல் புறநானூற்றுக்குச் சொல்லடைவு தந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 தொடங்கி 1970க்குள் பழந்தமிழ் நூல்களுக்கு மூன்று தொகுதிகளில் சொல்லடைவு வெளியிட்டது. பின்னர் 1992இல் தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் சங்க இலக்கியச் சொல்லடைவைக் கொணர்ந்தனர். இன்று பேராசிரியர் ப. பாண்டியராஜாவின் தொடரடைவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சொல்லோடு அது வரும் அடியையும் காட்டுகிறது. மனிதர் அமர்ந்து சொல் சொல்லாகப் பிரித்துச் செய்த வேலை இது. இவற்றை விட்டுவிட்டு, 1998 முதல் மதுரைத் திட்டத்தில் தொண்டர்கள் ஏற்றிவைத்த கோப்புகளைக் கைப்பேசியில் திறந்து ஒரு தேடலோடு ஆய்வை முடிக்கிறோம். மதுரைத் திட்டத்தின் பெருமை வேறு. படிப்பதற்கென்று தரப்பட்டதை எண்ணிக்கைக்கான அளவுகோலாக்குவது நாம் செய்யும் அநீதி.

அடைவையே வேதமாகக் கொள்ளச் சொல்லவில்லை. சொல்லைப் பிரிப்பதே ஓர் உரை. அடைவு செய்தவர் எங்கே வெட்டினார் என்பதில் அவருடைய இலக்கணக் கொள்கையும் அவர் மேற்கொண்ட பாடமும் ஒளிந்திருக்கும். பாடவேறுபாட்டில் நிற்கும் சொல்லுக்கு அடைவில் இடம் இல்லாமலும் போகலாம். அப்போது அறிவற்ற எழுத்துத் தேடலே அடைவைச் சோதிக்கும் நேர்மையான சாட்சி.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. யானை என்று கேட்டால் களிறு, பிடி, வேழம் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணத் தெரிந்த கருவி. பழைய தேடல்கள் எதற்கும் இது கைவராதது. ஆனால் இல்லாத அடியை இயற்றி, அதற்கொரு பாடல் எண்ணும் கொடுத்து, புலவர் பெயரையும் கூசாமல் சேர்த்துவிடுகிறது. கிரெப் தவறினால் வெறுங்கையோடு திரும்பும். இது கைநிறையப் பொய்யோடு திரும்புகிறது. திசை கேட்க இதனிடம் போகலாம். அடியைப் பதிப்பில் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

ஆகவே என் மேற்பார்வையில் வரும் ஆய்வேடுகளில் ‘வரவில்லை’ என்ற சொல்லுக்கு நான்கு செய்திகள் கேட்கிறேன்: எந்தப் பதிப்பு, சொல் பிரித்த பாடமா, என்னென்ன வடிவங்களை இட்டுத் தேடினார், எந்த அடைவோடு ஒப்பிட்டார். பக்கம் நீளுகிறது என்று மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள். நூலகத்தில் இடம் போதவில்லை என்று கழிவுக்கு ஒதுக்கப்பட்டிருந்த பழைய சொல்லடைவு ஒன்று இப்போது துறை அறையில் என் மேசைக்குப் பின்னால் இருக்கிறது. முதுகு பிரிந்திருக்கிறது, பக்கங்கள் முழுதாக உள்ளன.