கங்கையில் உல்லாசக் கப்பல்! கரையில் யார்?

2023ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள். வாரணாசியிலிருந்து ஒரு சொகுசுக் கப்பல் புறப்பட்டது. காணொலி வழியே பிரதமர் கொடியசைத்தார். 'கங்கா விலாஸ்' என்று அதற்குப் பெயர். 51 நாள் பயணம், 3,200 கிலோமீட்டர், 27 ஆறுகள், வங்கதேசத்தின் வழியே அசாமின் திப்ருகர் வரை! உலகிலேயே நீண்ட ஆற்றுப் பயணம் இதுவே என முரசறைந்தார்கள்.

கப்பலில் அறைகள் 18. இடம் 36 பேருக்கு. முதற் பயணத்தில் ஏறியவர்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த 32 பேர். கட்டணம்? நாளொன்றுக்குப் பல்லாயிரம் ரூபாய். முழுப் பயணத்துக்குப் பல இலட்சம்.

அவசரமில்லாமல் ஆற்றோடு செல்வதும், இயற்கைக்கு ஊறு செய்யாமல் ஊர் பார்ப்பதுமே இன்றைய நாகரிகப் பயணம் என்கிறார்கள். நாம் பயணத்துக்குப் பகைவரல்லர். வெளிநாட்டார் வரட்டும், ஊர்களைப் பார்க்கட்டும். நீர்வழியில் சரக்கு சென்றால் லாரியைவிட எரிபொருள் மிச்சம் என்பதும் மெய்தான். கப்பலிலேயே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு உண்டு என்கிறார்கள், நல்லதுதான்.

ஆனால், இயற்கைக்கு இணக்கமான பயணம் என்று எதைக் கொண்டு அளப்பது? கப்பல் மெல்லப் போகிறது என்பதைக் கொண்டா? அல்லது அந்த ஆற்றை நம்பி வயிறு வளர்ப்பவன் நிலையைக் கொண்டா? இதுதான் நமது கேள்வி.

அந்தக் கப்பல் கடந்து செல்லும் ஒரே ஒரு பகுதியைப் பாருங்கள், தோழர்களே! பீகாரில் சுல்தான்கஞ்சிலிருந்து பீர்பைந்தி வரை, ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நிலத்துக்கு ஜமீன்தார் இருந்ததை அறிவீர்கள். ஓடுகின்ற தண்ணீருக்கு ஜமீன்தார் இருந்ததைக் கேள்விப்பட்டதுண்டா? அங்கே இருந்தார்கள்! மொகலாயர் காலத்து உரிமை என்று கூறிக்கொண்டு, கங்கையையே உடைமையாக்கி வீற்றிருந்தார்கள். வலை வீசுகிறவன் அவர்களுக்கு வரி கட்ட வேண்டும். நாடு விடுதலை பெற்றது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டமும் வந்தது. நிலத்து ஜமீன் போயிற்று. நீர் ஜமீன் போகவில்லை!

1982இல் ககல்கானில் மீனவர்கள் திரண்டனர். 'கங்கை விடுதலை இயக்கம்' பிறந்தது. 1987இல் குர்சேலாவிலிருந்து பாட்னா நோக்கிப் படகுகளிலேயே ஊர்வலம் போனார்கள். அதுவும் கங்கையில் நடந்த மெதுவான பயணந்தான்! அந்தப் பயணத்துக்குச் சொகுசறை இல்லை. கொடியசைக்கப் பிரதமரும் இல்லை. இருந்தது உறுதி ஒன்றுதான். ஏறத்தாழப் பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு நீர் ஜமீன் சாய்ந்தது. வரியின்றி மீன் பிடிக்கும் உரிமையைப் பரம்பரை மீனவர் பெற்றனர்.

வென்றவர் நிம்மதியாக வாழ்ந்தாரா? 1991இல் அதே நீர்ப்பரப்பில், சுல்தான்கஞ்சுக்கும் ககல்கானுக்கும் இடையே 50 கிலோமீட்டர், விக்ரமசிலா டால்பின் சரணாலயமாயிற்று. கங்கை டால்பின் 2009இல் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவிக்கப்பட்டது. அதைக் காக்கத்தான் வேண்டும், மறுப்பாரில்லை. அதற்காக வலை வீசுவோர்மீது கட்டுப்பாடு வந்தது. இயந்திரக் கப்பலுக்கோ அதே நீரில் பாதை திறந்திருக்கிறது!

இது என்ன நீதி? அந்த டால்பினுக்குப் பார்வை இல்லை என்றே சொல்லலாம். தான் எழுப்பும் ஒலியின் எதிரொலி கேட்டே வழி அறிகிறது, இரை தேடுகிறது. செவியே அதற்குக் கண். கப்பல் இயந்திரத்தின் இரைச்சல் அந்தக் கண்ணை மறைக்காதா? சிறு படகின் துடுப்பா அதற்குப் பகை?

இன்னொன்றையும் கவனியுங்கள். அலகாபாத்திலிருந்து ஹால்டியா வரை 1,620 கிலோமீட்டர், 1986இலேயே முதலாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. அதை மேம்படுத்த 37.5 கோடி டாலர் உலக வங்கிக் கடனுக்கு 2018இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கப்பலுக்கு ஆழம் வேண்டும். ஆழத்துக்குத் தூர்வார வேண்டும். தூர்வாரினால் மீன் முட்டையிடும் அடிமணல் கலையும். ஏற்கெனவே 1975இல் இயங்கத் தொடங்கிய பராக்கா தடுப்பணை, கடலிலிருந்து ஏறிவரும் உல்லம் மீனின் வழியை மறித்து, மேற்கே இருந்த மீனவர் வலையை வெறுமையாக்கிற்று. பட்ட காலிலேயே மீண்டும் படவேண்டுமா?

கப்பலே கூடாது என்பதல்ல நமது வாதம். டால்பின் வாழும் பகுதியில் கப்பலுக்கும் வேகக் கட்டுப்பாடு, ஒலிக் கட்டுப்பாடு வேண்டும். மீன் முட்டையிடும் பருவத்தில் தூர்வாரல் நிற்க வேண்டும். கரையில் இறங்கும் பயணிகளை ஊர் சுற்றிக் காட்டும் வேலையும் படகுக் கூலியும் உள்ளூர்ப் படகோட்டிகளுக்கே சேர வேண்டும். ஆற்றைப் பற்றி முடிவெடுக்கும் அவையில் மீனவர் அமர வேண்டும். சட்டம் ஒன்றானால், வலைக்கும் கப்பலுக்கும் அது ஒன்றாகவே இருக்கட்டும்!

நீர் ஜமீனை வீழ்த்தியவர்கள் ஆற்றை வேடிக்கை பார்க்கப் போராடவில்லை; அதில் வாழப் போராடினார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு ஓடும் கப்பல் எவ்வளவு மெல்லப் போனாலும், அதை இயற்கையின் நண்பன் என்று நாம் ஒப்பமாட்டோம்.