“அனுபவம் இல்லை” என்று எழுதிவிடாதீர்கள்



அண்மையில் ஒரு பின்நேரம் எங்கள் அயலிலுள்ள தங்கை ஒருத்தி விண்ணப்பப் படிவமொன்றுடன் வீட்டுக்கு வந்தாள். வெளிவாரியாகப் படித்து வணிகமாணிப் பட்டம் பெற்றவள். வியாபார நிர்வாக முதுமாணி படிக்க வேண்டுமென்று நெடுநாள் ஆசை. படிவத்தில் எல்லாம் அழகாக நிரப்பியிருந்தாள். தொழில் அனுபவம் என்ற இடத்தில் மட்டும், கணினி நிலையமொன்றில் எட்டு மாதம் என்று ஒரேயொரு வரி.

“அக்கா, இதைப் பார்த்தால் சிரிப்பினம். அனுப்பாமல் விடுவமோ?” என்றாள்.

அவளை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். 2009 இல் அவளுக்குப் பன்னிரண்டு வயது. தகப்பனை இழந்து, தாயுடன் முகாமில் இருந்து ஊர் திரும்பியவள். தாய் சரக்குத்தூள் செய்து விற்கத் தொடங்கிய நாள்முதல் கணக்குக் கொப்பி இவளின் கையில்தான். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் மூன்று வருடம் பொருளாளராகவும் இருந்தாள். ஏன் இதை எழுதவில்லை என்று கேட்டேன்.

“அது வேலை இல்லையே அக்கா, வீட்டு அலுவல்தானே.”

நியமனக் கடிதமும் சம்பளச் சிட்டையும் இருந்தால்தான் வேலை என்று நாங்கள் பழகிவிட்டோம். நானும் ஒருகாலத்தில் அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டு ஒரு நல்ல வாய்ப்பை இழந்தவள்தான். அதனால் அவளை இருத்தி, கொப்பிகளைக் கொண்டுவரச் சொன்னேன்.

முதலில் அனுமதித் தகைமைகளைக் கவனமாக வாசித்தோம். பட்டத்துக்குப் பின் இத்தனை வருட அனுபவம் கட்டாயம் என்று இருந்தால் எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை. விண்ணப்பக் கட்டணம்தான் நட்டம். அப்படிக் கட்டாயம் இல்லாத இடங்களும் உண்டு. அமெரிக்காவிலுள்ள ஹாவார்ட் வணிகக் கல்லூரிகூட, இன்னும் படித்துக்கொண்டிருக்கும் இறுதியாண்டு மாணவருக்கு முன்கூட்டியே இடம் கொடுத்து, சில வருடம் வேலை செய்துவிட்டு வரச் சொல்லும் திட்டமொன்றை வைத்திருக்கிறது. வருடக் கணக்கை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. பொறுப்பைக் கொடுத்தால் இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்றும் பார்க்கிறார்கள்.

கொப்பிகளில் 2022 ஆம் ஆண்டைத் திறந்தபோதுதான் எனக்கே வியப்பாக இருந்தது. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த காலம். மில் ஓடவில்லை, எரிவாயு இல்லை, மிளகாய் விலையோ கேட்க முடியாது. இவள் வறுப்பதை விறகுக்கு மாற்றியிருக்கிறாள். மின்சாரம் வரும் நேரத்தை மில்காரரிடம் கேட்டு இரவிலே அரைப்பித்திருக்கிறாள். 250 கிராம் பைக்கற்றை 100 கிராமாக்கி, கடைக்காரருக்குக் காரணத்தையும் சொல்லியிருக்கிறாள். தூள் எடுத்துவந்த ஆறு கடைகளில் ஒன்றுதான் விட்டுப் போனது. இதற்குப் பெயர் முகாமைத்துவம் இல்லையென்றால் வேறென்ன?

இதை அப்படியே எழுத வைத்தேன். “குடும்ப வியாபாரத்தில் உதவினேன்” என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எத்தனை கடை, மாதம் எத்தனை கிலோ, என்ன சிக்கல், நீர் எடுத்த முடிவு என்ன, அதன் பலன் என்ன என்று எழுத வேண்டும். அத்தாட்சியாகப் பிரதேச செயலகத்து வியாபாரப் பதிவு, வங்கிப் புத்தகப் பிரதி, சங்கத்தின் கணக்கறிக்கை ஆகியவற்றைச் சேர்த்தோம்.

சிபாரிசுக் கடிதத்துக்கு அவள் ஒரு பெரிய அரசியல்வாதியிடம் போக நினைத்திருந்தாள். வேண்டாம் என்றேன். அவளின் வேலையை நேரில் பார்த்த கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரும், படிப்பித்த விரிவுரையாளர் ஒருவரும் போதும். தெரிந்த கடையொன்றில் “முகாமையாளர்” என்று பொய்க் கடிதம் எடுத்துத் தருவதாக உறவினர் ஒருவர் சொன்னாராம். நேர்முகப் பரீட்சையில் இரண்டாவது கேள்வியிலேயே அது பிடிபடும். உண்மையாகச் செய்ததும் சேர்ந்து நாசமாகும்.

கட்டுரையில்தான் எங்களுக்குள் கொஞ்சம் இழுபறி. அரைவாசிக்கு மேல் போர்க்கால இழப்புகளை எழுதியிருந்தாள். அதை முற்றாக வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அவளின் வாழ்க்கை. ஆனால் வாசிப்பவருக்கு இரக்கம் வரலாம், தெரிவு செய்யக் காரணம் வராது. கடைசியில் இரண்டு வரியாகச் சுருக்கினாள். மீதி இடத்தில், ஊரிலுள்ள இருபது பெண்களின் தூளை ஒரே பெயரில் கொழும்புக்கு அனுப்பும் திட்டத்தையும், அதற்குத் தனக்குத் தெரியாமலிருப்பது சந்தைப்படுத்தலும் நிதிமுகாமைத்துவமும் என்பதையும் எழுதினாள்.

பட்டம் இல்லாத சகோதரிகள் இதை வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட வேண்டாம். தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு, முன்பு பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் உண்டு. அந்தத் தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பிரதேச செயலகத்தில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். அங்கேயும் கேட்கப்போவது உங்கள் கொப்பியையும் பற்றுச்சீட்டுகளையும்தான். ஆகவே அவற்றை அடுப்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

தங்கையை நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். 100 கிராம் பைக்கற்றின் விலையை எப்படித் தீர்மானித்தீர் என்று கேட்டார்களாம். பை, லேபல், விறகு, பஸ் கூலி, தாயின் உழைப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. வகுப்பு சனி, ஞாயிறில் என்றால் தூள் பைக்கற் அடைக்க ஆள் வேண்டும். அதற்கு யாரைப் பிடிப்பது என்பதுதான் இப்போது தாயின் கவலை.