ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள், தோழர்களே!

ஆசிரியத் தோழர்களே, சிறப்புப் பயிற்றுநர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தோழர்களே!

பள்ளி திறந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயர்கள் ஏறிவிட்டன. அந்தப் பெயர்களில் சில, நான்கு ஆண்டுகள் கழித்து எந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பட்டியலிலும் இருக்காது. படிக்க விருப்பமில்லாததால் அல்ல, அறிவு போதாததாலும் அல்ல. எழுத்தும் எண்ணும் மற்றவர்களுக்குப் பிடிபடும் விதத்தில் அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. அதை உரிய காலத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்காகத்தான் இந்த அறைகூவல்.

இந்தப் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். கேள்வி கேட்டால் பளிச்சென்று பதில் சொல்வான். விடைத்தாளில் மூன்று வரிக்கு மேல் நகரமாட்டான். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறும், துணைக்கால் விட்டுப்போகும், ல, ள, ழ மூன்றும் குழம்பும். செய்முறை வகுப்பில் முதலில் முடிப்பவள், கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது 36ஐ 63 ஆக்குவாள். மருத்துவம் இந்தக் கற்றல் குறைபாடுகளை டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா என்று பிரித்துச் சொல்கிறது. நம் ஆசிரியர் அறையில் இவற்றுக்கு இருக்கும் பெயர்கள் வேறு: சோம்பேறி, மக்கு, கவனமில்லாதவன். அந்தப் பெயர்களை இந்த ஆண்டோடு கைவிடுவோம்.

நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அது நியாயமான ஏற்பாடு. ஆனால் வாசிக்கத் திணறும் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் எட்டு ஆண்டுகளைக் கடந்துவிடவும் முடிகிறது. ஒன்பதில்தான் முதல் சுவர் எதிர்ப்படுகிறது. பத்தில் பொதுத்தேர்வு, பதினொன்றில் பாடப்பிரிவு, பன்னிரண்டில் மீண்டும் பொதுத்தேர்வு, அதன் பிறகு கலந்தாய்வு. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பிறகு “இவனை எதில் சேர்க்கலாம்?” என்று நாம் கேட்கத் தொடங்கினால், அதற்குள் பாதி வழிகள் அடைபட்டிருக்கும். கல்லூரிக்கான வேலை ஒன்பதாம் வகுப்பில் தொடங்க வேண்டும். நான் வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமே இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அவற்றுள் ஒன்று. இக்குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, ஏற்ற கற்பித்தல் முறைகளைக் கையாள்வது கல்வி நிறுவனத்தின் கடமை என்கிறது 16ஆவது பிரிவு. பள்ளிக் குழந்தைகளிடையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்தச் சொல்கிறது 17ஆவது பிரிவு. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடங்களையும், சேர்க்கையில் ஐந்தாண்டு வயதுத் தளர்வையும் தருகிறது 32ஆவது பிரிவு. இவை யாரோ இரங்கிப் போட்ட பிச்சை அல்ல, உரிமை. கேட்பார் இல்லாத உரிமை தாளிலேயே கிடக்கும். நம் பள்ளியின் பிள்ளைக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம், ஒன்று தாமதமானால் அடுத்ததும் தாமதமாகும்.

முதல் வேலை, கண்டறிதல். ஒன்பது, பத்தாம் வகுப்பாசிரியர் ஒவ்வொருவரும் இந்த மாதத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பின் முன்னால் வேண்டாம். அதே பத்தியிலிருந்து வாய்மொழியாக நான்கு கேள்வி கேளுங்கள், பிறகு எழுதச் சொல்லுங்கள். சொல்வதற்கும் எழுதுவதற்கும் இடையே பெரிய இடைவெளி தெரிகிற பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பழைய குறிப்பேடுகளையும் விடைத்தாள்களையும் எடுத்துவையுங்கள். பின்னால் மதிப்பீடு செய்பவருக்கு அவை பேருதவியாக இருக்கும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அழைத்துக் காட்டுங்கள். குறைபாடு இன்னதென்று முடிவு சொல்வது நம் வேலை அல்ல. ஐயம் எழுந்த பிள்ளையை உரியவரிடம் சேர்ப்பது நம் வேலை.

இரண்டாவது, சான்று. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீடு அரசு மருத்துவமனையில் நடக்கும். பார்வை, செவித்திறன் சோதனை, நுண்ணறிவுச் சோதனை, பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான தனிச்சோதனை என்று பல கட்டங்கள் உண்டு. ஒரே நாளில் முடியாது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், எட்டு வயதுக்குப் பிறகே இச்சான்று என்றது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்யவும் சொன்னது. இந்த இரண்டு வயதையும் கவனியுங்கள். ஒன்று ஒன்பதாம் வகுப்பு, மற்றொன்று கல்லூரி வாசல். பழைய சான்றை நம்பிக் கலந்தாய்வுக்குப் போய் நிற்கும் நிலை நம் பிள்ளைக்கு வரக்கூடாது. இன்று நடப்பில் இருக்கும் விதி என்ன என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரில் கேட்டு எழுதிவாங்குங்கள்.

சான்றில் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிட்டது என்று சோர்ந்துவிடாதீர்கள். தேர்வில் சொல்வதை எழுதும் எழுத்தரைப் பெறுவதற்கு 40 விழுக்காடு நிபந்தனை ஆகாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அப்படிப்பட்டவர்களுக்கெனத் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. இடஒதுக்கீடு கிடைக்காமல் போனாலும் தேர்வு எழுத உதவி கிடைக்கும். இந்த வேறுபாடு தெரியாததால் மனுப் போடாமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

மூன்றாவது, தேர்வுச் சலுகை. சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு ஆகியவற்றைத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் கேட்டுப் பெறலாம். பொதுத்தேர்வு நெருங்கிய பிறகு ஓடுவதில் பயனில்லை. அதைவிட முக்கியமான ஒன்று, ஆணை கையில் வந்தால் மட்டும் போதாது. விடையை மனத்தில் கோத்து, இன்னொருவர் எழுதும் வேகத்துக்குச் சொல்வது தனித்திறமை. அதற்குப் பழக்கம் வேண்டும். காலாண்டுத் தேர்விலிருந்தே எழுத்தரோடு எழுதவையுங்கள். கணக்கில் ஒவ்வொரு படியையும் சொல்லப் பழக்குங்கள். மொழிப்பாட விலக்கு கேட்பதற்கு முன், பிள்ளை சேர விரும்பும் படிப்புக்கு அந்தப் பாடம் தேவைப்படுமா என்று பார்த்துவிடுங்கள்.

நான்காவது, பாடப்பிரிவும் மேற்படிப்பும். இங்கே நாம் இரண்டு வகையாகத் தவறிவிடக்கூடும். மதிப்பெண் குறைவு என்பதற்காக எல்லோரையும் ஒரே பிரிவில் தள்ளுவது ஒன்று. “உனக்குப் படிப்பு வராது, ஐடிஐ போ” என்று அனுப்பிவைப்பது மற்றொன்று. ஐடிஐ மதிப்புள்ள படிப்பு. விருப்பத்தோடு போகிறவருக்கு அது ஏணி. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் முடித்தவர் பொறியியலிலும் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொதுத்தேர்வு மதிப்பெண்ணால் மட்டுமே அளக்கப்படாமல், கைவேலை வழியாகப் பொறியியல் பட்டம் வரை போகும் பாதை இது. ஆனால் வாசிக்கச் சிரமப்படும் ஒரு பெண் சட்டம் படிக்க விரும்பினால் அவளை இந்தப் பாதையில் திருப்பிவிட நமக்கு உரிமை இல்லை. ஒலிவடிவப் பாடம், கூடுதல் நேரம், எழுத்தர் ஆகிய உதவிகளோடு அவள் சட்டம் படிக்கட்டும்.

பிள்ளை எதில் மனம் ஒன்றி உட்காருகிறான் என்று பாருங்கள். வரைகிறவனுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லிலும் மரத்திலும் கைவைக்கத் துடிப்பவனுக்கு மாமல்லபுரத்தில் கல்லூரி இருக்கிறது. உணவு, ஆடை வடிவமைப்பு, ஒளிப்பதிவு என்று சென்னைத் தரமணியைச் சுற்றியே பல நிறுவனங்கள் இருக்கின்றன. கணக்கில் தடுமாறுபவள் வரலாறோ இலக்கியமோ படித்துச் சிறக்கலாம். எழுத்தில் தடுமாறுபவன் கணிதத்தில் முதல்வனாக வரலாம். ஒன்றில் தடுமாற்றம் என்றால் எல்லாவற்றிலும் தடுமாற்றம் என்று பொருளில்லை.

ஐந்தாவது, கலந்தாய்வும் அதற்குப் பின்னும். பொறியியலோ கலை அறிவியலோ, இணைய விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளிக்கான சிறப்புப் பிரிவைக் குறிக்க மறந்தால் சான்று இருந்தும் பயனில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை தனியாக உண்டு, அதையும் விட்டுவிடாதீர்கள். விண்ணப்ப நாளில் நம்மில் ஒருவர் உடன் உட்கார வேண்டும்.

கல்லூரியில் இடம் கிடைத்ததும் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கலை அறிவியல் கல்லூரியில் பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம் என்று மொழித்தாள்கள் காத்திருக்கின்றன. முதன்மைப் பாடத்தில் தேறிவிட்டு மொழித்தாளில் அரியர் சேர்த்து, மூன்றாம் ஆண்டில் பட்டமில்லாமல் வெளியேறும் ஆபத்து இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம். பள்ளியில் வாங்கிய சலுகை ஆணை கல்லூரியில் தானாகச் செல்லாது. பல்கலைக்கழகத்தின், தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரியின், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் முதல் பருவத்திலேயே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே அவனுக்காகப் பேச வகுப்பாசிரியர் இருக்கமாட்டார். ஆகவே, “எனக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது, இன்ன உதவி வேண்டும், சட்டத்தில் இடமிருக்கிறது” என்று தலைநிமிர்ந்து சொல்ல இங்கேயே பழக்கி அனுப்புங்கள். நாம் கொடுத்தனுப்பும் சீர்வரிசையில் விலையுயர்ந்தது அதுதான்.

தோழர்களே, உங்கள் மறுப்புகளையும் அறிவேன். எமிஸ் இணையதளப் பதிவு, பயிற்சி வகுப்பு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு என்று நம் தோளில் ஏற்றப்பட்டிருக்கும் சுமை உண்மை. அந்தச் சுமையைக் குறைக்கப் போராடுவோம். போராடிக்கொண்டே இதையும் செய்வோம். ஒரு வகுப்பில் இப்படி இருக்கப்போவது சில பிள்ளைகள்தான். அவர்களுக்கு இது வாழ்க்கை.

“ஒருவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநீதி ஆகாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். கூடுதல் நேரம் யாருக்கும் விடையைச் சொல்லிக்கொடுப்பதில்லை. தெரிந்த விடையைத் தாளில் இறக்க வழி தருகிறது, அவ்வளவுதான். டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவருக்கு நீட் தேர்வில் அந்த ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டபோது, அது அநீதி என்று உச்ச நீதிமன்றமே 2021 நவம்பரில் சொன்னது. ஆனால் மறுதேர்வு அவருக்குக் கிடைக்கவில்லை. நேரம் மறுக்கப்பட்ட பிறகு கிடைக்கும் நீதி எவ்வளவு குறுகியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெற்றோரின் அச்சம் இன்னும் ஆழமானது. “மாற்றுத்திறனாளின்னு எழுதிட்டா நாளைக்கு எம் பொண்ணை யாரு சார் கட்டிக்குவாங்க?” என்று கேட்கும் தாயை அதட்டாதீர்கள். வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசுங்கள். “அம்மா, உங்க பொண்ணுக்கு அறிவு குறைச்சல் இல்ல. எழுதறதுலதான் சிக்கல். இந்தத் தாள் இருந்தா அவ பரீட்சையில நேரம் கிடைக்கும், காலேஜுல எடம் கேட்கலாம்” என்று சொல்லுங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு நான்கு முறை மருத்துவமனைக்கு அலைய அந்தத் தாயால் முடியாது என்றால், ஒருமுறையாவது நாம் உடன் போவோம்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. வட்டாரந்தோறும் மதிப்பீட்டு முகாம், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு நிரந்தரச் சிறப்பாசிரியர், 17ஆவது பிரிவின்படி முறையான கணக்கெடுப்பு, 21 வகைகளுக்குள் வராமல் நிற்கும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் தேர்வுச் சலுகை. ஊதியக் கோரிக்கைக்குக் கொடுக்கும் அதே குரலில் இவற்றையும் எழுப்புவோம். அடுத்த வட்டாரக் கூட்டத்தில் நம் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவரட்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பள்ளிக்கு ஒரு பொறுப்பாசிரியர், பிள்ளைக்கு ஒரு கோப்பு: இதை எந்த அரசாணையும் இல்லாமல் நாளையே செய்யலாம். இந்த மாதம் பெயர்கள் குறிக்கப்படட்டும். காலாண்டுக்குள் விண்ணப்பங்கள் போகட்டும். அரையாண்டுக்குள் ஒவ்வொரு கோப்பிலும் சான்றோ, சான்று ஏன் தாமதம் என்ற எழுத்துப்பூர்வமான பதிலோ இருக்கட்டும். எந்தப் பள்ளியில் தடை வருகிறதோ அந்தப் பள்ளிக்காக மற்ற பள்ளிகளின் தோழர்கள் சேர்ந்து அலுவலகப் படியேறுவோம்.

ஒன்பதாம் வகுப்பின் பதிவேட்டை எடுங்கள், தோழர்களே. முதல் பிள்ளையை நாளைக் காலையில் அழையுங்கள்.