சனிக்கிழமை 5 முதல் 6 வரை

திருச்சி டவுனில் ஒரு கோயில். பெயர் வேண்டாம். வாசலுக்கு வலப்பக்கம் போர்டு: "பாவசங்கீர்த்தனம் - சனிக்கிழமை மாலை 5 முதல் 6 வரை." இப்போது 'ஒப்புரவு அருட்சாதனம்' என்று அழகாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். நேரம் மட்டும் மாறவில்லை.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் புதுச்சேரியிலிருந்து போன். அண்ணன் போய்விட்டார். சாயங்காலம் 4 மணிக்கு அடக்கம். நாங்கள் பேசிக்கொண்டு பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா விட்டுப்போன வீட்டுத் தகராறு, விரிக்க விருப்பமில்லை. அண்ணனுடைய அடக்கப் பூசையில் நன்மை வாங்காமல் நிற்கக்கூடாது என்று மட்டும் தோன்றியது. பதினோரு வருஷப் பகையை வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படி வாங்குவது?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து அங்கே போனபோது மணி ஏழேகால். காலைப் பூசை முடிந்துவிட்டது. ஆபீஸ் பையன் தலை நிமிராமல் சொன்னான், "சனிக்கிழமை வாங்க சார். போர்டு இருக்கே." அவசரம் என்றேன். உள்ளே போய்விட்டு வந்தான். "ஃபாதர் காண்ட்ராக்டரோட பேசிட்டிருக்கார். சனிக்கிழமையே வரச் சொல்றார்." கதவு பாதி திறந்திருந்தது. சிமெண்ட் விலை காதில் விழுந்தது. அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். வேறு கோயில் தேட நேரமில்லை, பஸ் ஏறிவிட்டேன்.

புதுச்சேரியில் இறங்கியபோது பூசை ஆரம்பித்துவிட்டது. நன்மை நேரத்தில் கடைசி பெஞ்சிலேயே இருந்தேன். கல்லறையிலிருந்து திரும்பும்போது அண்ணன் மகன் பக்கத்தில் வந்து கேட்டான், "ஏன் சித்தப்பா நன்மை வாங்கல? அப்பா மேல இன்னும் கோபமா?"

இதை நான் ஒரு சாமியார் மேல் உள்ள ஆத்திரத்தில் எழுதவில்லை. கவுன்டருக்குப் பின்னால் 34 வருஷம் உட்கார்ந்தவன் நான். போர்டு எதற்கு மாட்டுகிறோம் என்று எனக்குத் தெரியும். வருகிறவர்களுக்கு நேரம் தெரியட்டும் என்று மாட்டுவோம். ஆறு மாதத்தில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப அதுவே சாக்காகிவிடும். ஒரு கிழவியம்மாவை மூன்று தடவை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பியிருக்கிறேன். நான்காம் தடவை அவர் வரவில்லை. அது என் பாவசங்கீர்த்தனத்தில் சேர வேண்டிய கணக்கு. ஆனால் நான் ஃபைல் பார்த்தவன். ஃபைல் காத்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம், 986-ஆம் பிரிவு. நியாயமாகக் கேட்கிற விசுவாசிகளின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க ஏற்பாடு செய்வது பங்குச்சாமியாரின் கடமை. நாளும் நேரமும் விசுவாசிகளுக்குச் சௌகரியமாக இருக்கவேண்டும். அவசரமென்றால் அதிகாரம் பெற்ற எந்தக் குருவும் கேட்டாக வேண்டும். 2002-இல் இரண்டாம் ஜான் பால் இதையே மறுபடியும் அறுத்துக் கூறினார்: பூசைக்கு முன்னாலும் கேளுங்கள், வேறு சாமியார் இருந்தால் பூசை நடக்கும்போதும் கேளுங்கள் என்று. எங்கள் பாஷையில் ஜி.ஓ. வந்தாயிற்று. அமல்தான் இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சில் ஞானோபதேசம் படித்த நாளில் ஆர்ஸ் ஊர் சாமியார் ஜான் மரி வியான்னி கதையைக் கேட்காத பிள்ளை கிடையாது. 1818-இல் அவர் போனபோது அது சில நூறு பேர் இருந்த குக்கிராமம். கடைசிக் காலத்தில் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம்கூடத் தொட்டியில் உட்கார்ந்தார். அங்கே போகிற கூட்டத்துக்கென்று லியோன் ரயில் நிலையத்தில் தனி டிக்கெட் கவுன்டரே வைத்தார்கள். 1929-இல் பங்குச்சாமியார்கள் அனைவருக்கும் அவரைப் பாதுகாவலராக்கினார்கள். படத்தை ஆபீஸில் மாட்டியிருக்கிறோம், மாலையும் போட்டிருக்கிறோம்.

பதினாறு மணி நேரம் யாரும் கேட்கவில்லை. சாமியார்களுக்கும் வேலை உண்டு. பள்ளிக்கூடம், கிளைப் பங்குகள், சாவு, கல்யாணம், இப்போது கட்டடம் வேறு. ஐந்து முதல் ஆறு வரை உட்கார்ந்தாலும் யாரும் வருவதில்லை என்று ஒருவர் என்னிடமே வருத்தப்பட்டார். உண்மைதான். ஆனால் சிமெண்ட் கணக்கைப் பார்க்க எங்களைப் போன்ற ரிட்டயர்டு குமாஸ்தாக்கள் பங்குக்குப் பத்துப் பேர் சும்மா இருக்கிறோம். தொட்டியில் எங்களால் உட்கார முடியாது. பாலக்கரை சகாய மாதா, தெப்பக்குளம் லூர்து மாதா, மேலப்புதூர் பேராலயம் என்று திரும்பின பக்கமெல்லாம் கோயில் இருக்கிற ஊர் இது. குருக்களுக்குப் பஞ்சமில்லை.

"உத்தம மனஸ்தாபம் போதாதா?" என்றார் ஒரு நண்பர். மன்னிப்புக்குப் போதும் ஐயா. சாமியார் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதை மட்டும் நம்பி நன்மை வாங்கக்கூடாது என்றுதான் படித்தோம்.

பக்கத்து வீட்டு ஐயங்கார் சிரித்தார். "பெருமாளுக்கே மத்தியானம் நடை சாத்தறா. உங்க சாமியாருக்கு மட்டும் ஓய்வு கூடாதா?" நான் சொன்னேன்: நடை சாத்தினால் ரங்கவிலாச மண்டபத்தில் உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் திறந்துவிடும். செவ்வாய்க்கிழமை வந்தவனைச் சனிக்கிழமை வா என்று பெருமாள் அனுப்புவதில்லையே!

நான் கேட்பது போர்டில் இன்னும் ஒரு வரி. "மற்ற நேரங்களில் மணியடிக்கவும்." பெயிண்டருக்கு இருநூறு ரூபாய் ஆகும், நானே தருகிறேன் என்று பங்குப் பேரவையில் ஒருவரிடம் சொன்னேன். "எழுதிக் கொடுங்க சார், அடுத்த கூட்டத்துல வைப்போம்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன், நகலும் வைத்திருக்கிறேன். இரண்டு கூட்டம் முடிந்துவிட்டது.