நிலமும் பொழுதும் நீங்கிய புள்

சென்ற ஆண்டு மாணவர் நிழற்படப் போட்டியொன்றிற்கு நடுவராக இருக்கும்படி என்னை அழைத்தனர். படப்பெட்டியைக் கையாலும் தொட்டறியாத தமிழ்ப் பண்டிதனுக்கு அவ்வேலை எதற்கு என்று மறுத்தேன். 'கரையோரப் பறவைகள்' என்பது போட்டிப் பொருளாதலின், நெய்தற்றிணை படிப்பிப்பவர் ஒருவர் வேண்டுமென்று அவர்கள் வற்புறுத்தினர், இசைந்தேன். அன்று நான் அளித்த தீர்ப்புப் பிழையானது. அதனை வெளிப்படையாக ஒப்புக்கொள்வதற்கும், என்போல் நடுவராக அமரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுப்பதற்குமே இதனை எழுதுகின்றேன்.

இறுதியில் எஞ்சியவை இரண்டு படங்கள். இரண்டும் மன்னார்த் தாம்போதியை அடுத்த வங்காலைப் பக்கத்தில் எடுக்கப்பட்டவை. முதலாவதில் நூற்றுக்கணக்கான உள்ளான்கள் ஒருங்கே எழுந்து, சட்டம் முழுவதும் சிறகாய் நிறைந்திருந்தன. இறகுகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. இரண்டாவதில் முக்காற் பங்கு சேறும் நீரும் வானுமே. சாயும் வெயில் நீர்க்கோடுகளில் படிந்திருந்தது. தொலைவில் பனைநிரை, இப்பால் நட்டுவைத்த வலைக்கம்புகள், இடையே எள்ளைச் சிந்தினாற் போலப் பறவைக் கூட்டம், தலை கவிழ்ந்து இரை பொறுக்கிக்கொண்டிருந்தது.

"பறவையைக் காணவில்லையே, தம்பி?" என்று அதனை எடுத்த மாணவனைக் கேட்டேன்.

"பறவை இருக்கிற இடத்தை எடுத்தனான், ஐயா" என்றான்.

நான் சிரித்துவிட்டு முதற் பரிசை முதற் படத்துக்கே கொடுத்தேன்.

பரிசளிப்பு முடிந்தபின், இத்தனை பறவைகளும் ஒரே கணத்தில் எழுந்தது எவ்வாறென்று பரிசு பெற்ற மாணவனிடம் வினவினேன். நண்பன் ஒருவன் கைதட்டிக்கொண்டு சேற்றுக்குள் ஓடினான் என்றும், படம் சரியாக அமைவதற்கு நாலைந்து தரம் ஓடவேண்டியிருந்தது என்றும் அவன் கள்ளமின்றிச் சொன்னான். அவனை நோவதற்கில்லை. அவ்வோட்டத்துக்குப் பரிசு கொடுத்தவன் நான்.

அங்ஙனம் எழுப்பப்பட்ட பறவைகளின் வாழ்வு எத்தகையது? நம் கரைகளில் நாம் காணும் வளைமூக்கு உள்ளானும் கொசு உள்ளானும் வடதுருவத்தை அண்டிய சைபீரியப் பனிவெளிகளிற் கூடு கட்டுவன. மாரிக்கு முன்னர் இங்கு வந்து, வேனில் முதிரும்போது மீண்டும் வடக்கே செல்வன. கொசு உள்ளானின் நிறை 30 கிராம் அளவே. அவ்வளவு சிறிய உடல் பல்லாயிரம் கிலோமீற்றர் பறப்பதற்கு வேண்டிய கட்டுச்சோறு, நம் சேற்றிலே பொறுக்கிய புழுவும் நத்தையும் கொழுப்பாக மாறியதுதான். மன்னார்க் கரையிலும் காணப்படும் பட்டைவால் மூக்கன் என்னும் இனத்துப் பறவை ஒன்று, 2007 ஆம் ஆண்டில், அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை எங்கும் இறங்காது எட்டு நாளிற் பறந்து கடந்தது. அதன் உடலிற் பொருத்திய கருவி செய்மதி வழியாக அதனைக் காட்டிற்று. இத்தகைய செலவுக்கு ஆயத்தஞ் செய்யும் பறவையை உண்ணுமிடத்திலிருந்து ஒரு தரம் எழுப்புவது அதன் சேமிப்பிற் கைவைப்பதாகும். உண்ணும் நேரத்தையும் பறிப்பதாகும். நாலைந்து தரம் எழுப்புவதை என்னென்பது!

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முப்பது ஆண்டுகளாக வகுப்பிலே முதல், கரு, உரி என்று படிப்பித்து வருகின்றேன். முதற்பொருளாவது நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியர் வகுத்தார். புள்ளைக் கருப்பொருளாக அதன்கண் வைத்தார். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. நிலமும் பொழுதும் இன்றிப் புள் தனித்து நிற்பதில்லை என்பதே அவ்வைப்பு முறையின் உட்கிடை. இதனைப் பிள்ளைகளுக்கு மனப்பாடஞ் செய்வித்த நான், நிலமும் எற்பாடும் புள்ளும் ஒருங்கமைந்த படம் கண்முன் வந்தபோது, பறவை எங்கே என்று கேட்டேன்! இலக்கணம் நாவில் இருந்தது, கண்ணுக்கு இறங்கவில்லை.

அண்மையில் நின்றாற் போலப் பறவையைப் பெரிதாகக் காட்டும் படங்கள் வேண்டா என்பதன்று என் கருத்து. இனத்தைப் பிரித்தறிவதற்கும், ஆராய்வோர் இட்ட கால்வளையத்தின் எழுத்தை வாசிப்பதற்கும் அவை பயன்படுவன. கூட்டம் எழுந்து திரும்பும் அழகும் கண்டு மகிழத்தக்கதே. ஆனால் நீர் ஏறும்போது பறவைகள் தாமாகவே எழும். வல்லூறு தோன்றினாலும் எழும். காத்திருப்பவனுக்கு அக்காட்சி தானே வரும். காத்திருக்க மாட்டாதவனே கைதட்டுகின்றான்.

இன்னொன்றும் உண்டு. வெறும் வானத்திலே சிறகு விரித்த பறவை எந்த நாட்டதாகவும் இருக்கலாம். நிலத்தோடு கூடிய படமோ ஒரு சான்று. வங்காலை 2008 ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டது. 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் கொண்ட மின்னிலையம் 2020 இல் திறக்கப்பட்டது. கரைகள் இவ்வாறு நம் கண்முன்னே மாறுகின்றன. எந்தச் சேற்றில், எந்த மாதத்தில், எவ்வளவு பெரிய கூட்டம் மேய்ந்தது என்பதை நாளைக்குச் சொல்லப் போவது, நாளும் இடமும் குறித்துவைத்த அகன்ற படமேயாகும்.

ஆதலால், பள்ளிகளிலும் சங்கங்களிலும் இத்தகைய போட்டி நடத்துவோர் மூன்று வினாக்களைக் கேட்டபின் புள்ளியிடுவார்களாக. இவ்விடம் எது? இப்பொழுது எது? இப்பறவைகள் உன்னால் எழுந்தனவா, தாமாக எழுந்தனவா? மூன்றாம் வினாவுக்குத் தக்க விடையில்லாத படம் எத்துணை அழகியதாயினும் அதற்குப் பரிசு கொடாதிருப்போமாக. ஆசிரியர் எதைப் பாராட்டுகின்றாரோ அதனையே மாணவர் மறுநாளும் செய்வர்.

பரிசு பெறாத அப்படத்தின் பிரதியொன்றை அம்மாணவனிடம் கேட்டு வாங்கினேன். இப்பொழுது அது என் வகுப்பறைச் சுவரில் இருக்கின்றது. நெய்தற்றிணையை அதிலிருந்தே தொடங்குகின்றேன். "பறவை எங்கே, ஐயா?" என்று ஒவ்வோராண்டும் யாரேனும் ஒரு பிள்ளை கேட்கும். "இரைந்து பேசாமல், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நில்" என்கின்றேன்.